தெரு மரத்தைக் காப்பதும் கன்றை மரமாக்குவதும்: சென்னைத் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலை நாங்கள் தெருவில் இறங்கியபோது, அதுவரை பகல் முழுதும் நிழலில் இருந்த வீடுகளின் முகப்பில் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. தெருவுக்கே பந்தல் போட்டதுபோல் நின்ற தூங்குமூஞ்சி மரங்களில் இரண்டு வேரோடு சாய்ந்து கிடந்தன. அருகில் சென்று பார்த்தவர்களுக்குக் காற்றின்மேல் மட்டும் பழிபோட மனம் வரவில்லை. மண்ணோடு பெயர்ந்து செங்குத்தாக நின்ற வேர்த்தொகுதியின் ஒரு பாதியில் வேர்கள் நீண்டு பிய்ந்திருந்தன. மறுபாதியில், சில ஆண்டுகளுக்கு முன் மழைநீர் வடிகாலுக்காக வெட்டிய தடம் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் கறுத்து உளுத்துப் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் மரத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு வேர்கூட மிஞ்சியிருக்கவில்லை.

அந்தப் புயலில் நகரம் முழுவதும் பல ஆயிரம் மரங்கள் விழுந்தன. இழந்ததை ஈடுசெய்யும் ஆர்வத்தில் ஊரெங்கும் கன்றுகள் நடப்பட்டன. நாங்களும் நட்டோம், படம் எடுத்துக்கொண்டோம், கலைந்து போனோம். நட்டவற்றில் பெரும்பாலானவை அடுத்த கோடையைத் தாண்டவில்லை. நிற்கின்ற பெரிய மரத்தை நிற்க வைப்பதும், நட்ட கன்றை மூன்று கோடை தாண்ட வைப்பதுமே தன்னார்வலர்களின் முதன்மை வேலை என்பதையும், குழி தோண்டுவது அதில் ஒரு சிறு பகுதி என்பதையும் அந்த இரண்டு இழப்புகளும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தன. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் செல்கிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த வரிசை ஏன் என்பது விளங்கும். தழைப்பரப்பு 12 மீட்டர் அகலம் உள்ள ஒரு மரம் ஏறத்தாழ 113 சதுர மீட்டருக்கு நிழல் தருகிறது. நர்சரியிலிருந்து வரும் நல்ல கன்றின் தழை 1 மீட்டர் அகலம் இருக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு மரத்தின் நிழலுக்கு ஈடாக 144 கன்றுகள் வேண்டும். ஒரு மரத்தை வெட்டிவிட்டுப் பத்துக் கன்றுகள் நடுகிறோம் என்று சொல்லும்போது, அந்த இடத்தின் நிழல் ஒரு தலைமுறைக் காலத்துக்குப் போய்விடுகிறது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 2021ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கை, சென்னையின் 430 சதுர கிலோமீட்டர் பரப்பில் காட்டுப்பரப்பு 22.70 சதுர கிலோமீட்டர், அதாவது 5.28 விழுக்காடு என்று கணக்கிட்டது. அதிலும் கணிசமான பகுதி கிண்டி தேசியப் பூங்கா, ஐ.ஐ.டி. வளாகம், அடையாறு பிரம்மஞான சபை போன்ற மதில் சூழ்ந்த இடங்களில் இருக்கிறது. 1 ஹெக்டேருக்குக் குறைந்த திட்டுகள் அந்தக் கணக்கில் வருவதில்லை என்பதால், பள்ளிக்கு நடந்து போகும் குழந்தைக்கும் பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவருக்கும் நிழல் தருகிற தெரு மரம் பெரும்பாலும் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதைப் பேரேட்டில் ஏற்றுவதிலிருந்து வேலை தொடங்க வேண்டும்.

முதல் வேலை: கணக்கெடுப்பு

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். மூன்று பேர் கொண்ட குழு போதும்: ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் கைபேசியில் படமும் இருப்பிடக் குறிப்பும் எடுக்க. தையற்காரர் பயன்படுத்தும் டேப் சிறு மரங்களுக்குப் போதும். பெரிய மரங்களைச் சுற்ற நீளமான டேப் அல்லது ஒரு கயிறு தேவைப்படும். காலை ஆறரை மணிக்குத் தொடங்கினால், நடுத்தர நீளமுள்ள ஒரு தெருவை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

அடிமரத்தின் சுற்றளவை எல்லா மரங்களுக்கும் ஒரே உயரத்தில், நிலத்திலிருந்து 1.37 மீட்டரில், அதாவது நாலரை அடியில் அளக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ஆண்டு வேறு ஒருவர் அளந்தாலும் ஒப்பிட முடியும். தழையின் விளிம்புக்கு நேர்கீழே நின்று, எதிர் விளிம்புவரை அளந்து, குறுக்குவாட்டிலும் ஒருமுறை அளந்தால் அவற்றின் சராசரியே தழையின் அகலம். இவற்றோடு மரத்தின் பெயர், எந்த வீட்டுக்கு எதிரில் நிற்கிறது, அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் எவ்வளவு நெருங்கியிருக்கிறது, ஆணிகள் எத்தனை, மேலே மின்கம்பி உண்டா, பட்டுப்போன கிளை, பொந்து, புல்லுருவி, எந்தப் பக்கம் சாய்வு என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மரம் இருந்து இப்போது வெறுமையாகிவிட்ட குழிகளையும் விடாமல் எழுதுங்கள். நாளைக்கு நடவேண்டிய இடங்களின் பட்டியல் அதுவே.

மரத்தின் பெயர் தெரியாவிட்டால் அதன் நிழலில் பிழைப்பு நடத்துபவரைக் கேளுங்கள். எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர், தம் தலைக்கு மேல் இருக்கும் புங்கை எந்த மாதத்தில் இலை உதிர்த்துத் துளிர்க்கிறது, எந்தக் கிளை எந்த மழையில் முறிந்தது, யார் வந்து எதற்காக ஆணி அடித்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். இளநீர் விற்பவர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள், பூக்கடை அம்மா ஆகிய இவர்களைக் குழுவில் சேர்த்துக்கொள்ளாமல் தொடங்கும் எந்த மரப் பாதுகாப்பு முயற்சியும் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோகும். வாரத்தின் மற்ற ஆறு நாளும் மரத்தடியில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

நிற்கும் மரத்தைக் காத்தல்

மரத்தின் வேர் ஆழமாகக் கீழ்நோக்கிப் போகிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. உண்மையில் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணிலேயே, தழையின் விளிம்பையும் தாண்டிப் பரவிக் கிடக்கிறது. ஆகவே நடைபாதையில் மூன்றடி ஆழத்துக்குத் தோண்டுகிற எந்தப் பள்ளமும் மரத்தின் உயிர்நாடியின் குறுக்கே போகிறது. வேரைக் காப்பதற்கு மர வல்லுநர்கள் சொல்லும் அளவு, அடிமரத்தின் விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரம். சுற்றளவு 157 சென்டிமீட்டர் உள்ள மரத்தின் விட்டம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அதற்கு 6 மீட்டர் ஆரம் வேண்டும். சென்னைத் தெருவில் அது கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குள், இந்த எடுத்துக்காட்டில் ஒன்றரை மீட்டருக்குள், தடித்த வேர்களை ஒரு பக்கமாக வெட்டினால் மரத்தைத் தாங்கும் வேர்களே போய்விடுகின்றன. அந்த மரம் அப்போதைக்குப் பச்சையாக நின்றாலும், அடுத்த புயலுக்காகக் காத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எனவே உங்கள் தெருவுக்கு வடிகாலோ கேபிளோ குடிநீர்க் குழாயோ வரப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்தவுடனே, கணக்கெடுப்பு நோட்டின் நகலோடு வார்டு உதவிப் பொறியாளரைப் போய்ப் பாருங்கள். பொக்லைன் வந்து நின்ற பிறகு பேசுவது பெரும்பாலும் பயன் தராது. கேட்க வேண்டியவை சில: மரம் உள்ள இடத்தில் வடிகாலின் கோட்டைச் சற்று விலக்க முடியுமா என்று வரைபடத்தைப் பார்த்துக் கேளுங்கள். விலக்க முடியாதென்றால், மரத்தை ஒட்டிய சில மீட்டர் தூரத்துக்கு மட்டும் இயந்திரத்தை விட்டுக் கையால் தோண்டச் சொல்லுங்கள். மணிக்கட்டுத் தடிமன் உள்ள வேர்களுக்கு அடியில் குடைந்து குழாயைக் கொண்டுபோக முடியும். வெட்டியே தீரவேண்டிய சிறு வேர்களைக் கூரிய ரம்பத்தால் சீராக அறுக்க வேண்டும். பொக்லைன் வாளி இழுத்துப் பிய்த்த வேர் நெடுந்தூரம் கிழிந்து அழுகும். திறந்து கிடக்கும் வேரின்மேல் நனைத்த சாக்கைப் போட்டு, கூடுமானால் அன்றைக்கே மண்ணை மூடச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாட்களில் ஒருவர் அங்கேயே இருப்பது நல்லது. தோண்டுபவர்கள் வெகுதூரத்திலிருந்து நாட்கூலிக்கு வந்தவர்கள். அவர்களிடம் குரலை உயர்த்தாமல், குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எது வெட்டக்கூடாத வேர் என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக் காட்டினால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்த பகை, அடிமரம் வரை பூசிய சிமெண்டும் பேவர் பிளாக்கும். டெல்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நம் ஊரில் மண்டல அலுவலகத்தின் பூங்காத் துறையிடம் மனு கொடுக்கும்போது அந்த அளவை எடுத்துக்காட்டலாம். அனுமதி பெற்றபின், உளியும் சுத்தியலும் கொண்டு விளிம்பிலிருந்து மரத்தை நோக்கிச் சிறு சிறு துண்டுகளாகப் பெயர்க்க வேண்டும். கீழே மின்கேபிள் போகிறதா என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் முதன்முதலில் ஒரு புங்கையைச் சுற்றிப் பெயர்த்தபோது, கடைசித் துண்டைப் புரட்டியதும் அதன் அடிப்புறத்தில் வேர்களின் அச்சு, ஈர மண்ணில் பதிந்த கோரைப்பாயின் தடம்போல், இழை இழையாகப் பதிந்திருந்தது. மண்ணுக்குள் போக வழியில்லாத வேர்கள் சிமெண்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த ஈரத்தைத் தேடி அந்தச் சந்திலேயே பின்னிக் கிடந்தன. அப்படிப்பட்ட வேர்கள் மேலேயே இருக்கும் என்பதால், திறந்த இடத்தைக் கொத்திவிட வேண்டாம். விரலால் கிளறி, இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மட்கிய இலையைப் பரப்பினால் போதும். அடிமரத்தின்மேல் மண்ணையோ இலையையோ குவிப்பது பட்டையை அழுகச் செய்யும். ஒரு கைப்பிடி இடைவெளி எப்போதும் இருக்கட்டும்.

ஆணி பிடுங்குவது மாணவர்களை ஈடுபடுத்த ஏற்ற வேலை. சுத்தியலின் பின்புறக் கொக்கிக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டு நேராக இழுத்தால் பட்டை சிதையாது. மரம் விழுங்கிவிட்ட ஆணியைத் தோண்டி எடுக்காதீர்கள். அந்தக் காயம் ஆணியைவிடப் பெரிது. ஓட்டைக்குள் சிமெண்டோ தாரோ வைத்து அடைக்கவும் தேவையில்லை, மரம் தானே மூடிக்கொள்ளும். விளம்பரத் தட்டிகளோடு, திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் விளக்குக் கம்பிகளையும் கழற்றுங்கள். கழற்றாமல் விட்ட கம்பி மூன்று, நான்கு ஆண்டுகளில் கிளையைக் கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்கிவிடுகிறது.

கிளை கழிப்பதில் தன்னார்வலர்கள் தங்கள் எல்லையை அறிந்திருக்க வேண்டும். நிலத்தில் நின்று கைக்கு எட்டுகிற கிளைகள் மட்டுமே நம்முடையவை. மின்கம்பிக்கு அருகில் உள்ளவற்றை மின்வாரியமும் மாநகராட்சியும்தான் கழிக்க வேண்டும். ஈரக் கிளை கம்பியில் பட்டால் உயிர் போய்விடும். ஒரு கிளையை முறையாக எடுக்க மூன்று அறுப்புகள் தேவை. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் கால்வாசி ஆழத்துக்கு முதல் அறுப்பு. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழாக இரண்டாவது அறுப்பு. கிளை தன் எடையால் முறிந்து விழும்போது பட்டை உரிந்துகொண்டு இறங்காமல் முதல் அறுப்பு தடுத்துவிடும். மிஞ்சிய கட்டையை, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மடிப்பு மடிப்பாகப் புடைத்திருக்கும் கழுத்துப் பகுதிக்கு வெளியே மூன்றாவதாக அறுத்தெடுக்க வேண்டும். அந்தப் புடைப்பிலிருந்துதான் புதுப் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். அதைச் சேர்த்து அறுத்தாலும், கட்டையை நீளமாக விட்டாலும் மரம் உள்ளுக்குள் அழுகத் தொடங்கும். ஒரே ஆண்டில் தழையின் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

புயலுக்கு முன்னெச்சரிக்கை என்று சொல்லி மரத்தின் தலையை மொட்டையாக வெட்டிவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அது மரத்துக்கும் மக்களுக்கும் செய்யும் கேடு. வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகக் கிளம்பும் சிம்புகள் அடிமரத்தில் உறுதியாக ஊன்றாதவை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அவை கனத்தபின் வரும் காற்றில் அவைதான் முதலில் முறிந்து வாகனங்களின்மேல் விழுகின்றன. கம்பிக்காக ஒரு பக்கம் மட்டுமே கழித்துக்கொண்டு போனால் மரம் மறுபக்கம் சாயும். ஆகஸ்ட், செப்டம்பரில் பட்ட கிளைகளையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் மட்டும் எடுத்து, இரு பக்கமும் சமமாக வைத்திருக்கும்படி பூங்காத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். கூடு கட்டியிருக்கும் கிளையைக் குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

வேம்பிலும் மாவிலும் புல்லுருவி பிடித்திருந்தால், அது ஊன்றிய இடத்துக்குக் கீழே சற்று நல்ல பகுதியையும் சேர்த்து அறுத்தெடுக்க வேண்டும். செடியை மட்டும் பிடுங்கினால் திரும்பவும் துளிர்க்கும். மழைக்காலத்திலும் அதற்குப் பின்னரும் வேம்பின் நுனிக் கிளைகள் கருகிக் காய்வது, பெரும்பாலும் ஒரு பூஞ்சை நோயால் வருவது. மரம் செத்துவிட்டதென்று அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். வெயில் காலத்தில் மீண்டும் துளிர்த்த வேம்புகள் ஏராளம்.

இவ்வளவுக்கும் மேலாக, ஒரு நாள் காலையில் ரம்பத்தோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கானது. சமவெளி நகரங்களின் பொது நிலத்தில் உள்ள மரத்தை வெட்டும் கோரிக்கை, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பசுமைக் குழுவின் முன் செல்ல வேண்டும். ஆகவே வந்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அனுமதிக் கடிதத்தின் நகல். அது இல்லையென்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை எழுதிக்கொண்டு, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வார்டு கவுன்சிலருக்கும் தெரிவியுங்கள். அனுமதி இருக்கிறது என்று வாய்ச்சொல்லாக மட்டும் சொன்னால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். பதில் தர 30 நாட்கள் கெடு. அந்த ஒரு மரத்துக்கு அது பிந்திவிடலாம். ஆனால் உங்கள் தெருவில் கேள்வி கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அடுத்த மரத்துக்குப் பாதுகாப்பு. பெரிய மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிடுகிறோம் என்று சமாதானம் சொன்னால், யார், எத்தனை ஆண்டு தண்ணீர் விடுவார்கள் என்று கேளுங்கள். வேரில் பெரும்பகுதியை இழந்து பெயர்ந்த மரம் பிழைப்பது அரிது.

எங்கே, எந்த மரம்

நடவேண்டிய இடத்தை, ஏற்கெனவே பசுமையாக இருக்கும் தெருக்களில் தேட வேண்டாம். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரங்களாவது தெரிய வேண்டும், குடியிருப்பின் பரப்பில் 30 விழுக்காட்டுக்கு நிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும் என்று நகர வனவியலாளர்கள் இப்போது ஓர் அளவுகோல் சொல்கிறார்கள். உங்கள் வார்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத தெருக்கள் எவை என்று பார்த்தால், அவை பெரும்பாலும் குறுகலான, தகரக் கூரைகள் மிகுந்த, வருமானம் குறைந்தவர்கள் வாழும் தெருக்களாகவே இருக்கும். கோடைப் பகலில் நிழல் மிகவும் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். அங்கே போய், வீட்டுக்காரர்களைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் அவர்கள் விரும்பும் மரத்தை நட வேண்டும்.

வர்தாவுக்குப் பின் அயல்நாட்டு மரங்கள்தான் விழுந்தன, நாட்டு மரங்கள் நின்றன என்று பரவலாகப் பேசப்பட்டது. தென்னமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த தூங்குமூஞ்சி, மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹர் போன்றவை பெருமளவில் விழுந்தது மெய்யே. ஆனால் ஒரு பக்க வேரை இழந்த நாட்டு மரமும் விழத்தான் செய்யும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேர்வு செய்ய வேண்டும். மின்கம்பிக்குக் கீழே சரக்கொன்றை, மந்தாரை, வில்வம், நுணா போன்ற சிறு மரங்கள் பொருந்தும். கம்பி இல்லாத நடைபாதைக்குப் புங்கையும் மகிழமும் சிறந்தவை. புங்கை விரைவாக வளர்ந்து, கோடை உச்சத்துக்கு முன்னரே புதுத் தளிர் விட்டு நிழல் தரும். மகிழம் மெல்ல வளரும், ஆனால் ஆண்டு முழுதும் அடர்ந்த தழையோடு நிற்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் உப்புக்காற்றைத் தாங்கப் பூவரசும் புன்னையும் ஏற்றவை. பூவரசை, கைத்தடி கனத்தில் போத்து வெட்டி ஊன்றினாலே வேர்பிடிக்கும். நாவல், இலுப்பை, நீர்மருது ஆகியவற்றைப் பூங்கா, பள்ளி மைதானம், ஆற்றங்கரை போன்ற அகலமான இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆலும் அரசும் எவ்வளவு உயர்ந்த மரங்களானாலும் சுவருக்கும் வடிகாலுக்கும் அருகில் நட்டால், பின்னாளில் வெட்டச் சொல்லி மனு எழுதுபவர் உங்கள் அண்டை வீட்டுக்காரராகவே இருப்பார். வேகமாகப் பச்சை காட்டும் என்று விற்கப்படும் கோனோகார்பஸை வாங்க வேண்டாம். குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்குத் தடை விதித்தது.

நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையில் மாநகராட்சி 2020 முதல் பல இடங்களில் குறுங்காடுகள் வளர்த்திருக்கிறது. குப்பை மேடான ஒரு மூலையைப் பச்சையாக்க அது உதவும். ஆனால் நடந்து போகிறவர் தலைக்கு நிழல் வேண்டுமென்றால் தெருவில் தனி மரமாக வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீண்ட காலம் தொடர்ந்து உழைக்க முடிகிற குழு, கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் ‘நிழல்’ என்ற மரப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த மரப்பூங்காவை ஒருமுறை போய்ப் பார்த்துவர வேண்டும். குப்பை கொட்டும் இடமாக இருந்த நிலம், பல வகை மரங்கள் இயல்பான இடைவெளியில் வளர்ந்த தோப்பாக மாறியிருக்கிறது.

குழியும் கன்றும்

சென்னையில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. குழியைச் செப்டம்பரிலேயே எடுத்து ஆறவிட்டு, முதல் நல்ல மழைக்குப் பின் நட்டால், கன்று மூன்று மாத ஈரத்தில் வேர்விட்டுக்கொண்டு கோடையைச் சந்திக்கும். சுற்றுச்சூழல் தினம் வருகிறது என்பதற்காக ஜூன் 5ஆம் தேதி நடுவதைச் சென்னையில் தவிர்ப்பதே நல்லது. கத்திரி வெயில் முடிந்தும் அனல் குறையாத அந்த நாட்களில் நட்ட கன்று தண்ணீர் லாரியை நம்பித்தான் இருக்க வேண்டும்.

நர்சரியில் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்தாறு அடி உயரம், பெருவிரல் தடிமனுக்குக் குறையாத தண்டு, ஒடியாத ஒற்றை நுனி ஆகிய மூன்றும் வேண்டும். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் பையைக் கிழித்து வெளியே வந்து தரைக்குள் போயிருந்தாலோ, பைக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தாலோ அந்தக் கன்றை விட்டுவிடுங்கள். சுற்றிய வேர் நட்டபிறகும் சுற்றிக்கொண்டே பருத்து, பத்தாண்டுகளில் அடிமரத்தையே நெரிக்கும்.

குழி மூன்றடி அகலம் இருந்தால் நல்லது. ஆழம் கன்றின் மண்கட்டி உயரம் இருந்தால் போதும். நகரத்து மண்ணைத் தோண்டினால் பெரும்பாலும் கட்டட இடிபாடுதான் வரும். செங்கல், சிமெண்ட் கட்டி, பாலிதீன் எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்துவிட்டு, மேல்மண்ணில் நான்கில் ஒரு பங்கு தொழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து திரும்பப் போட வேண்டும். களிமண்ணாகித் தண்ணீர் தேங்கும் இடத்தில் மண்ணைச் சற்று மேடாக்கி நடுங்கள். நடுவதற்கு முன் கன்றின் பையைப் பிளேடால் கீறி முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். இதை எழுத நேர்வதே வருத்தமாக இருக்கிறது. காய்ந்துபோன கன்றுகளை நாங்கள் தோண்டிப் பார்த்தபோது, சிலவற்றின் வேர் கறுப்புப் பைக்குள்ளேயே, நட்ட நாளில் இருந்த அதே உருண்டையாக இருந்தது. அந்தக் குழியில் ஊற்றிய அத்தனை குடம் தண்ணீரும் பைக்கு வெளியே போயிருக்கிறது.

தண்டு வேராக விரியும் இடம் தரைமட்டத்துக்கு மேலே தெரியும்படி நட்டு, மண்ணைக் காலால் மிதிக்காமல் கையால் அழுத்தி, சுற்றிலும் பாத்தி கட்டி, உடனே தண்ணீர் விடுங்கள். மண்கட்டிக்கு வெளியே இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி, கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால், தண்டு சற்று ஆடி ஆடி உறுதிப்படும்; இறுக்கிக் கட்டிய கன்று கம்பை எடுத்ததும் சாய்ந்துவிடும். மாடும் ஆடும் வரும் தெருவில் கூண்டு இல்லாமல் நடுவது வீண்.

மூன்று கோடை

ஒரு குழு எத்தனை கன்று நடலாம் என்பதை எத்தனை குழி தோண்ட முடியும் என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. மே மாதத்தில் எத்தனை கன்றுக்குத் தண்ணீர் சுமக்க முடியும் என்பதே கணக்கு. முதல் கோடையில் கன்றுக்கு வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 20 லிட்டர். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை இரட்டிப்பாக. மூன்றாம் கோடையில் பத்து நாட்களுக்கு ஒருமுறை நன்றாக நனையும்படி. மணற்பாங்கான இடத்தில் இதைவிட அடிக்கடி வேண்டும். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனைந்து, வேரும் மேலேயே தங்கிவிடும். பழைய 20 லிட்டர் தண்ணீர்க் கேனின் அடியில் ஊசியால் ஓர் ஓட்டை போட்டுப் பாத்தியில் வைத்தால், இரவு முழுதும் சொட்டிச் சொட்டி ஆழமாக இறங்கும். ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரில் உப்பு மிகுதி என்பதால் அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றக் கூடாது.

ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வீட்டைப் பொறுப்பாக்கி, அந்த வீட்டார் ஊருக்குப் போகும் நாட்களுக்கு இன்னொரு வீட்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கன்றின் படமும் வர வேண்டும். வராத கன்றை அந்த வாரமே யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பாத்தியில் விழுந்த இலையைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே விடும்படி துப்புரவுப் பணியாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களை மேற்பார்வையாளர் கண்டிக்காமல் இருக்க அவரிடமும் முன்னதாகச் சொல்லி வையுங்கள். பெருங்காற்றில் இளமரம் சாய்ந்துவிட்டால், வேர் காய்வதற்குள் ஈர மண்ணிலேயே மெல்ல நிமிர்த்தி, மூன்று பக்கமும் முட்டுக்கொடுத்து, மண்ணை நிரப்பித் தண்ணீர் விட்டால் பிழைக்கும். செத்துவிட்டது என்று அதை லாரியில் ஏற்றுவதற்குள் நீங்கள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

கட்டிய கயிற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்த்துங்கள். ஓராண்டில் கம்பை எடுத்துவிடலாம். மூன்றாம் ஆண்டு மழைக்குப் பின், ஒரு கையால் தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அடியில் மண் அசையாமல் மேலே தழை மட்டும் அசைந்தால், கூண்டைக் கழற்றும் காலம் வந்துவிட்டது. அதை மறந்துவிட்ட இடங்களில் இரும்பு வளையம் பட்டைக்குள் புதைந்து, மரத்தை நெரித்துக்கொண்டிருப்பதை நம் நகரத்தின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கூண்டைக் கழற்றியவுடன் சுற்றளவை நாலரை அடி உயரத்தில் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு, அதே கூண்டை, முதல் கணக்கெடுப்பில் குறித்துவைத்த அடுத்த வெற்றுக் குழிக்குக் கொண்டு செல்லுங்கள்.